ஒட்டிய இடம்

திரிந்த பாலிலிருந்து எடுத்த தூள்.
தண்ணீரில் குழைத்துக் கட்டி விழாமல் கிண்ட வேண்டும்.
அந்தப் புளித்த வாடை தலைமுடியில் ஏறி
வீடு வரை வரும்.
பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
எப்போதும் காலி.

ஹை விக்கமில் நாங்கள்
நாற்காலிக்குக் கால் கடைந்து பிழைத்தவர்கள்.
போர் வந்தது.
அதே ரம்பம், அதே இடுக்கி,
மூக்கில் அதே மரத்தூள்.
நாற்காலி போய் இறக்கை வந்தது.

கிளைடருக்கு இயந்திரம் கிடையாது.
விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துப் போகும்,
ஓரிடத்தில் அவிழ்த்துவிடும்.
"அப்புறம்?" என்று ஃபோர்மேன் கிம்பரிடம் கேட்டேன்.
"அப்புறம் என்ன, இறங்குவதுதான்."

எங்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு ரப்பர் முத்திரை.
என்னுடையது நாற்பத்தேழு.
ஒட்டி, இறுக்கி, உலரவிட்டு,
விரல் முட்டியால் தட்டிக் கேட்டு,
ஓரத்தில் குத்த வேண்டும்.
பிரிந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமல்லவா.

ஹெட்லி,
முகாம் சமையலறையில் இருப்பதாக
அம்மாவுக்கு எழுதினாய்.
எனக்குத் தனித்தாளில்:
"அக்கா, உங்கள் தீப்பெட்டியில் இன்று பறந்தோம்.
பதினோரு பேர் வாந்தி.
நான் எடுக்கவில்லை என்றால் நம்பமாட்டாய்,
ஆகவே பன்னிரண்டு."

அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையும்
இரண்டு முறை தட்டினேன்.
கணக்குக் குறைகிறதென்று கத்தினார் கிம்பர்.
கத்தட்டும்.

ஜூன். இரவு. நார்மண்டி.
எல்ம் மரம் ஒன்று
வரைபடத்தில் இல்லாத இடத்தில் நின்றது.
உன்னோடு போய்த் திரும்பியவன் சொல்லித்தான்
இதுவும் தெரியும்.
தந்தியில் மரம் இல்லை.
உனக்கு இருபது முடிய ஒன்பது நாள் இருந்தது.

மூன்று நாள் விடுப்புத் தந்தார்கள், ஒரு நாள் எடுத்தேன்.
பலகைகள் வந்துகொண்டே இருந்தன.
குத்த ஓங்கிய கை
ஒவ்வொரு தடவையும்
சற்று நின்று இறங்கியது.

எது முதலில் விட்டது,
மரமா, பசையா?
யாரிடமும் கேட்கவில்லை.
கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

போர் முடிந்து எட்டாம் வருடம் கப்பலேறினேன்.
கல்லறைகள் ஒழுங்காக இருந்தன.
உன் பெயரில் எழுத்துப்பிழை இல்லை.
அழுகை வரும் என்று இரண்டு கைக்குட்டை வைத்திருந்தேன்,
வெயிலுக்கு ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டேன்.

மரத்தைக் காட்டக் கூட்டிப்போனவள்
அந்த நிலத்துக்காரி, மதாம் ஆங்க்தீல்.
எங்களுக்குள் பொது மொழி இல்லை.
இரு கையும் விரித்து இறக்கையாக்கினாள்.
சாய்த்தாள்.
பிறகு ஒரே ஒரு கைதட்டல்.
பிறகு உள்ளங்கைகளை ஏப்ரனில் துடைத்தாள்,
நெடுநேரம்.

எல்மின் காயத்தைப் பட்டை மூடியிருந்தது,
பல்லைக் கடித்துக்கொண்ட வாய்போல.

திரும்பும் வழியில் அவளுடைய முயல் கூண்டு.
கதவு பிர்ச் ஒட்டுப்பலகை.
கறுப்புப் பூச்சு உரிந்த ஓரத்தில்
ஊதா மையில் ஒரு நாலு.
அதற்கப்பால் பலகை இல்லை.

நாலாகவே இருக்கலாம்.
நாற்பதுகளில் நாங்கள் பத்துப் பேர்.
டோரிஸின் நாற்பத்திரண்டாக இருக்கலாம்,
பேசிக்கொண்டே ஒட்டுவாளே, அவள்.

மண்டியிட்டு விளிம்பைத் தடவினேன்.
மரம் நார்நாராகக் கிழிந்திருந்தது.
கிழிசலுக்கு ஒரு விரல்கடை தள்ளி
ஒட்டிய இடம்
ஒட்டியபடியே இருந்தது.
ஒன்பது குளிர்காலம், மழை, முயல் மூத்திரம்
எல்லாவற்றுக்கும் பிறகு.

இது ஆறுதலா என்று தெரியவில்லை, ஹெட்லி.
பசை விடவில்லை.
அவ்வளவுதான் உனக்குக் கொண்டுவந்த சேதி.

பழக்கத்தில் இரண்டு முறை தட்டினேன்.
உள்ளிருந்து முயலொன்று
பின்காலால் ஓங்கித் தட்டியது.
மதாம் சிரித்தாள்.
நானும், கொஞ்சம் பிந்தி.

பலகையைக் கழற்றித் தரட்டுமா என்று
சைகையில் கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
உள்ளே குட்டிகள் இருந்தன,
மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.